எது முதல்நிலை, எது இரண்டாம் நிலை? கொழும்பில் ஆய்வு தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தைக் கொடுத்த அன்று, என் மேற்பார்வையாளர் ஓர் அடிக்குறிப்பின் கீழே பென்சிலால் கோடு போட்டார். "இந்தப் பேப்பரை நீர் பாத்தனீரா?" என்று கேட்டார். 1953ஆம் ஆண்டு ஹர்த்தால் (கடை அடைப்புப் போராட்டம்) பற்றிய ஒரு பத்திரிகைச் செய்தி அது. நான் பார்க்கவில்லை. ஒரு நூலில் இருந்ததை, அதன் அடிக்குறிப்போடு சேர்த்து அப்படியே எடுத்து எழுதியிருந்தேன். பத்திரிகையின் பெயரும் திகதியும் போட்டுவிட்டால் அது முதல்நிலை மூலாதாரம் ஆகிவிடும் என்று நினைத்திருந்தேன். முதல்நிலை என்றால் சம்பவத்தின் காலத்திலோ அதில் பங்குபற்றியவராலோ உருவான ஆதாரம். இரண்டாம் நிலை என்றால் அவற்றை வைத்துப் பிறகு ஒருவர் எழுதியது.

பிறகு போய்ப் பார்த்தபோது அந்தத் திகதியில் அப்படி ஒரு செய்தியே இல்லை. அடுத்த நாள் இதழில் இருந்தது, அதுவும் வேறு சொற்களில். அந்த ஒரு அத்தியாயத்தைத் திருத்த மூன்று மாதம் போனது. இளங்கலை இறுதியாண்டிலோ முதுகலையிலோ இப்போது ஆய்வேடு தொடங்கும் உங்களுக்கு அந்த மூன்று மாதமும் மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். என் துறை வரலாறு, அதனால் உதாரணங்கள் அங்கிருந்தே வருகின்றன. சட்டம் படிப்பவருக்குச் சட்டமும் தீர்ப்பும் முதல்நிலை, பாடநூல் இரண்டாம் நிலை. இலக்கியம் படிப்பவருக்குக் கவிதை முதல்நிலை, அதன் மீதான விமர்சனம் இரண்டாம் நிலை. விஞ்ஞானத்தில் பரிசோதனை செய்தவரே எழுதிய கட்டுரை முதல்நிலை, பல கட்டுரைகளைத் தொகுத்து மதிப்பிடும் கட்டுரை இரண்டாம் நிலை. முறை எல்லோருக்கும் ஒன்றுதான்.

1. முதலில் கேள்வியை எழுதுங்கள்

ஒரு நூலையோ பத்திரிகையையோ கையில் எடுத்து "இது முதல்நிலையா, இரண்டாம் நிலையா?" என்று கேட்டால் பதில் வராது. "என் கேள்விக்கு இது எது?" என்றுதான் கேட்க வேண்டும். பெரும்பாலான குழப்பம் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

1953 ஓகஸ்ட் 12 ஹர்த்தாலையே எடுத்துக்கொள்வோம். கூப்பனுக்கு அரசாங்கம் கொடுத்த பங்கீட்டு அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்தில் இருந்து 70 சதமாக உயர்ந்தது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவு நின்றது. ரயில், தபால் கட்டணங்கள் கூடின. இவற்றை எதிர்த்து நாட்டின் பல பகுதிகளில் கடை அடைப்பும் மறியலும் நடந்தன, அவசரகால நிலை பிரகடனமானது. அந்த ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

1980களில் ஒரு பேராசிரியர் இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "1953இல் என்ன நடந்தது?" என்பது உங்கள் கேள்வியானால் அந்த நூல் இரண்டாம் நிலை. "1980களின் ஆய்வாளர்கள் ஹர்த்தாலை எப்படிப் பார்த்தார்கள்?" என்று கேட்டால் அதே நூல் முதல்நிலை ஆகிவிடும். நூலில் ஒரு எழுத்தும் மாறவில்லை, உங்கள் கேள்விதான் மாறியது.

அதனால் ஒரு தாளில் கேள்வியை ஒரே வசனத்தில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டுங்கள். இடம், காலம், யாரைப் பற்றியது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். என்னுடையது: "1953 ஹர்த்தாலைக் கொழும்பில் வெளிவந்த தமிழ்ப் பத்திரிகைகள் தம் வாசகருக்கு எப்படிச் சொல்லின?" இதை எழுதி முடிக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. அது வீணான காலமில்லை.

2. ஒவ்வொரு ஆதாரத்திடமும் நான்கு கேள்வி

ஒரு கொப்பியில் ஒவ்வொரு ஆதாரத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அதில் இவற்றுக்குப் பதில் எழுதுங்கள்:

யார் எழுதியது? நடந்த நேரத்திலா, பிறகா? எழுதியவருக்கு இது எப்படித் தெரியும், கண்டாரா, கேட்டாரா, படித்தாரா? என் கைக்கு இது எந்த வடிவில் வந்தது?

நான்காவதைப் பலரும் விட்டுவிடுவார்கள். நான் சறுக்கியதும் அதில்தான். பத்திரிகைச் செய்தி முதல்நிலைதான். ஆனால் என் கையில் இருந்தது பத்திரிகை அல்ல, அதைப் பற்றி ஒருவர் எழுதிய வரி.

3. எல்லோரும் தடுமாறும் ஆதாரங்கள்

இந்தப் பகுதியை ஆறுதலாகப் படியுங்கள். மதிப்பெண் போவதும் மேற்பார்வையாளர் கோடு போடுவதும் இங்கேதான்.

பத்திரிகை. ஒரே இதழுக்குள்ளேயே இரண்டு வகையும் இருக்கும். முதல் பக்கச் செய்தி ஒன்று, நிருபர் நேரில் கண்டதாக இருக்கலாம். பக்கத்தில் இருப்பது செய்தி முகவரகத்தின் தந்திச் சுருக்கமாக இருக்கலாம். நடுப்பக்கத்தில் "பத்து ஆண்டுகளுக்கு முன்" என்று ஒரு கட்டுரை வந்தால், பத்து ஆண்டுகளுக்கு முன் நடந்ததற்கு அது இரண்டாம் நிலை. ஆசிரியத் தலையங்கம், அந்தப் பத்திரிகையின் நிலைப்பாட்டுக்கு முதல்நிலை, தெருவில் நடந்ததற்கு மிகப் பலவீனமான சாட்சி. காலைப் பத்திரிகையில் 12ஆம் திகதி நடந்தது 13ஆம் திகதிதான் வரும். அவசரகால நிலையில் தணிக்கையும் இருந்ததா என்று தேடிப் பாருங்கள். எது அச்சாகவில்லை என்பதும் ஆதாரம்தான்.

ஹன்சாட் (நாடாளுமன்றப் பேச்சுகளின் அதிகாரபூர்வப் பதிவு). வரவு செலவுத் திட்ட உரையை ஹன்சாட்டில் படித்தால், அரசாங்கம் சபையில் என்ன சொன்னது என்பதற்கு அதைவிட நல்ல முதல்நிலை ஆதாரம் இல்லை. அரசாங்கம் உண்மையில் ஏன் அப்படிச் செய்தது என்பதற்கு அது போதாது. அமைச்சர் சொன்ன காரணம் வேறு, இருந்த காரணம் வேறாகவும் இருக்கலாம்.

தொகைமதிப்பு (சனத்தொகைக் கணக்கெடுப்பு) அறிக்கை. அட்டவணை என்றாலே முதல்நிலை என்று எழுதிவிடாதீர்கள். அட்டவணையோடு ஒரு முன்னுரையும் வரும், அதில் அதிகாரி பழைய கணக்கெடுப்புகளைத் தொகுத்து விளக்கியிருப்பார். அந்தப் பகுதி இரண்டாம் நிலை. எண்களை எடுக்கும்போதும் வகைப்பாட்டைக் கவனியுங்கள். 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இருந்துதான் இலங்கைத் தமிழரும் இந்தியத் தமிழரும் தனித்தனியாக எண்ணப்பட்டார்கள். 1901இன் தமிழர் எண்ணிக்கையையும் 1911இன் இலங்கைத் தமிழர் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், கணக்கு பிழையில்லாமலே முடிவு பிழைத்துப்போகும்.

நினைவுக் குறிப்பு, சுயசரிதை. பங்குபற்றியவரே எழுதியது, ஆகவே முதல்நிலை. ஆனால் முப்பது வருடம் கழித்து எழுதியிருந்தால் அந்த இடைவெளியைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். இடையில் அவர் படித்த நூல்களும் அவருடைய நினைவுக்குள் புகுந்திருக்கும்.

யாழ்ப்பாண வைபவமாலை. எங்கள் மாணவர்கள் அதிகம் வழுக்குவது இதில்தான். பழைய நூல், அதனால் முதல்நிலை என்று எழுதிவிடுகிறார்கள். அது ஒல்லாந்தர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில் மயில்வாகனப் புலவர் எழுதியது. யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கேயரிடம் விழுந்துவிட்டது. அந்த அரசை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் காலத்தைப் பற்றி அது சொல்வது, முந்திய நூல்களையும் செவிவழிக் கதைகளையும் கொண்டு பிற்காலத்தில் தொகுத்தது. 18ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தார் தங்கள் பழமையை எப்படி நினைத்தார்கள் என்ற கேள்விக்கு அது அருமையான முதல்நிலை ஆதாரம். வயது ஒரு ஆதாரத்தை முதல்நிலை ஆக்குவதில்லை, அது சொல்லும் சம்பவத்துக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதைப் பாருங்கள்.

மொழிபெயர்ப்பு. யாழ்ப்பாணத்துக்குப் பொறுப்பாக இருந்த ஒல்லாந்த அதிகாரி சுவார்டக்றூன் 1697இல் எழுதிய நினைவுக் குறிப்பு ஆங்கிலத்தில் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தலாம், ஆனால் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன் என்று எழுத வேண்டும். ஒரு சொல்லை வைத்து வாதம் கட்டுவதானால் மூலமொழி தெரிந்த ஒருவரிடம் அந்தச் சொல்லைக் காட்டாமல் கட்டாதீர்கள்.

இது ஏன் முக்கியம் என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால் கொழும்பு 7இல் தேசிய நூதனசாலைக்குப் போங்கள். அங்கே காலி மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் பயணத்தோடு வந்தது, 1409ஆம் ஆண்டுத் திகதி கொண்டது, 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தரைப் போற்றிக் காணிக்கை சொல்கிறது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குச் சொல்கிறது. பாரசீகப் பகுதி இஸ்லாமிய வழியில் பேசுகிறது. மூன்றில் ஒன்றின் மொழிபெயர்ப்பை மட்டும் ஒரு நூலில் படித்தவர், முழுக் கல்லையும் அறிந்ததாக எழுதிவிடுவார். நான் அந்தக் கல்லின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். என் அடிக்குறிப்பில் நான் செய்த பிழை அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

இணையத்தில் உள்ள பிரதி. நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம் 2005இல் இருந்து ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் இலவசமாகத் தருகிறது. இரவு பதினொரு மணிக்கும் வீட்டில் இருந்து படிக்கலாம், எங்களுக்குக் கிடைத்த பெரிய வரம் அது. பழைய பத்திரிகையின் ஸ்கான் பிரதி முதல்நிலையாகவே இருக்கும், வடிவம் மாறியதால் தகுதி மாறாது. அதேபோல இரண்டாம் நிலை நூலை ஸ்கான் செய்தாலும் அது இரண்டாம் நிலைதான். யாரோ தட்டச்சு செய்து முகநூலில் போட்ட "பழைய செய்தி" எந்த நிலையும் இல்லை. அதை ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தைத் தேடுங்கள்.

4. இரண்டாம் நிலையில் தொடங்குங்கள்

முதல்நிலை உயர்ந்தது, இரண்டாம் நிலை தாழ்ந்தது என்று எண்ணி நேரே பழைய ஆவணங்கள் இருக்கும் சுவடிக்கூடத்துக்கு ஓடாதீர்கள். நான் ஓடினேன். எந்த மாதத்து இதழைக் கேட்பது என்றுகூடத் தெரியாமல் இரண்டு நாள் பக்கம் புரட்டிவிட்டு வந்தேன்.

முதல் ஒரு மாதம் மூன்று நான்கு நல்ல நூல்கள், கட்டுரைகளோடு இருங்கள். நூலின் உரைப் பகுதியைவிட அடிக்குறிப்புகளைக் கவனமாகப் படியுங்கள். யார் எந்த ஆவணத்தைப் பார்த்தார், எந்தத் திகதி, எந்தக் கோப்பு இலக்கம் என்று ஒரு பட்டியல் எடுங்கள். இரண்டு நூல்கள் ஒரே விடயத்துக்கு வேறு வேறு எண் சொன்னால் அதைச் சிவப்பு மையால் குறியுங்கள். ஹர்த்தாலில் இறந்தவர்களின் எண்ணிக்கை எனக்கு அப்படித்தான் நூலுக்கு நூல் மாறிக் கிடைத்தது. நீங்கள் மூலத்தில் தேட வேண்டியவை அந்தச் சிவப்பு இடங்கள்தான்.

இந்த வேலைக்கு வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகமும், கொழும்பு 7இல் உள்ள பொது நூலகமும் போதும். தமிழ் நூல்களுக்குச் சங்கத்துக்கே முதலில் போங்கள்.

5. எங்கே போவது, என்ன கொண்டு போவது, எவ்வளவு செலவு

முக்கியமான இடங்கள் கொழும்பு 7இல் ஒன்றுக்கொன்று அருகிலேயே இருக்கின்றன. தேசிய சுவடிகள் திணைக்களம் பிலிப் குணவர்தன மாவத்தையில் இருக்கிறது. பழைய ஆட்கள் அதை இன்னும் ரீட் அவெனியூ என்றுதான் சொல்வார்கள். தும்முல்லைச் சந்தியில் இறங்கினால் நடந்து போய்விடலாம். அரசாங்கக் கோப்புகள், வர்த்தமானிகள், ஒல்லாந்தர் கால ஆவணங்கள், பத்திரிகைத் தொகுதிகள் எல்லாம் அங்கே. நூதனசாலை வளவுக்குள்ளேயே ஒரு நூலகம் உண்டு, 1877இல் தொடங்கியது, பழைய அச்சு நூல்களுக்கும் இதழ்களுக்கும் அங்கே போக வேண்டும். சுதந்திர அவெனியூவில் தேசிய நூலகம் இருக்கிறது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் மட்டும் பத்தரமுல்லையில், அதற்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள்.

கொண்டு போக வேண்டியவை: தேசிய அடையாள அட்டை, அதன் இரண்டு பிரதிகள், கடவுச்சீட்டு அளவுப் படம் இரண்டு, பல்கலைக்கழகக் கடிதத் தலைப்பில் பணிப்பாளர் நாயகத்துக்கு முகவரியிட்ட அறிமுகக் கடிதம். கடிதத்தில் உங்கள் பெயர், பதிவு இலக்கம், ஆய்வுத் தலைப்பு, பார்க்க விரும்பும் காலப்பகுதி, மேற்பார்வையாளரின் கையொப்பம் இருக்க வேண்டும். காலப்பகுதியைக் கொஞ்சம் விரித்துப் போடுங்கள். நான் 1953 என்று மட்டும் போட்டேன். பிறகு 1952ஆம் ஆண்டு இதழ் தேவைப்பட்டபோது கடிதத்தைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. பீட அலுவலகத்தில் இந்தக் கடிதம் கைக்கு வர ஒன்று இரண்டு வாரம் ஆகலாம், ஆகவே நூல் படிக்கும் மாதத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். மூன்று மூலப் பிரதிகளாகக் கேட்டு வாங்குங்கள், மற்ற நூலகங்களுக்கும் உதவும்.

செலவு: வாசகர் அனுமதிச் சீட்டு, பிரதிக் கட்டணம், படம் எடுக்க அனுமதி ஆகியவற்றின் கட்டணங்கள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. போகுமுன் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். எனக்கு நான்கு மாதத்தில் மொத்தம் சுமார் 12,000 ரூபாய் போனது. அதில் பாதிக்கு மேல் பஸ்ஸும் மதியச் சாப்பாடும். பணம் மிச்சம் பிடிக்க ஒரே வழி, எந்தப் பக்கம் தேவை என்று முடிவு செய்துவிட்டுப் பிரதி கேட்பது.

நாட்கள்: போயா தினங்களிலும் அரச விடுமுறைகளிலும் மூடியிருக்கும். ஏப்ரல் புத்தாண்டு வாரத்தையும் வெசாக்கையும் கணக்கில் எடுக்காமல் திட்டம் போடாதீர்கள். காலையில் திறக்கும்போதே போய்விடுங்கள். கோரிக்கைச் சீட்டு எழுதிக் கொடுத்து, உள்ளே இருந்து தொகுதி வந்து சேர நேரம் எடுக்கும். பதினொரு மணிக்குப் போனால் அன்றைய நாள் அரைவாசி போய்விட்டது என்று அர்த்தம். சீட்டில் உள்ள இலக்கத்தை இரண்டு தடவை சரிபாருங்கள், ஒரு எண் மாறினால் வேறு தொகுதிதான் வரும். அலுவலர்களிடம் உங்கள் கேள்வியைச் சொல்லுங்கள். சிங்களம் கொஞ்சம்தான் வரும் என்றாலும் தயங்காதீர்கள். அட்டவணையில் இல்லாத ஒரு தொகுதியை எனக்கு எடுத்துத் தந்தவர் அங்கே பல வருடம் வேலை செய்த ஒரு ஐயா.

6. வாசிப்பு மேசையில்

1953 ஓகஸ்ட் தொகுதி வந்தபோது நான் எதிர்பார்த்தது ஒரு பத்திரிகைக் கட்டை. வந்தது, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய தடித்த கட்டுப் புத்தகம். விளிம்பெல்லாம் தேயிலைச் சாயம் போல நிறம் மாறியிருந்தது. ஒரு பக்கத்தைப் புரட்டினால் மேசையில் பழுப்புத் துகள் விழுந்தது. உள்பக்கப் பத்தியில் ஒவ்வொரு வரியின் கடைசி இரண்டு மூன்று எழுத்துகளும் தையலுக்குள் போய்விட்டன. விரித்து அழுத்தினால் வாசிக்கலாம், ஆனால் அழுத்தினால் தாள் உடையும். அழுத்தாதீர்கள். வாசிக்க முடியாத எழுத்துகளுக்கு உங்கள் கொப்பியில் சதுர அடைப்புப் போட்டு விடுங்கள். ஊகித்து நிரப்பினால் அடுத்த வாரம் அது ஊகம் என்பதே உங்களுக்கு மறந்துவிடும்.

பென்சில் கொண்டு போங்கள், ஆவணத்துக்குப் பக்கத்தில் மைப்பேனா வேண்டாம். தண்ணீர்ப் போத்தலை வெளியே வையுங்கள்.

எழுத்து வடிவமும் உங்களைக் கொஞ்சம் தடுத்து நிறுத்தும். அந்தக் காலத்து அச்சில் ணை, லை, னை ஆகியவை மேலே வளைந்த கொம்போடும், ணா, றா, னா ஆகியவை ஒட்டெழுத்தாகவும் இருக்கும். அரை மணி நேரத்தில் கண் பழகிவிடும். படியெடுக்கும்போது இன்றைய எழுத்துக்கு மாற்றலாம், ஆனால் சொற்களையும் எழுத்துக்கூட்டலையும் திருத்தக் கூடாது. அன்றைக்கு அப்படி எழுதினார்கள் என்பதும் நீங்கள் தேடி வந்த ஆதாரத்தின் பகுதி.

படம் எடுக்க அனுமதி கிடைத்தால், முதலில் பத்திரிகையின் பெயரும் திகதியும் உள்ள தலைப்பை ஒரு படம், அப்புறம் முழுப் பக்கம் ஒரு படம், பிறகு செய்தி. செய்தியை மட்டும் எடுத்த நாற்பது படங்களோடு வீட்டுக்கு வந்து, எது எந்த நாள் என்று தெரியாமல் திரும்பப் போனவன் நான். அன்றிரவே கோப்புகளுக்குத் திகதியைப் பெயராக வையுங்கள்: 1953-08-13, பத்திரிகை, பக்கம்.

7. அண்மைக்கால ஆவணம் என்றால்

உங்கள் தலைப்பு கடந்த சில பத்தாண்டுகளைச் சேர்ந்ததானால் ஆவணம் சுவடிக்கூடத்துக்கு வந்திருக்காது, உரிய திணைக்களத்திலேயே இருக்கும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே விண்ணப்பியுங்கள். அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். "இது பற்றிய எல்லா ஆவணங்களும்" என்று கேட்டால் இழுபடும். ஆண்டு, சுற்றறிக்கை, கூட்ட அறிக்கை என்று குறித்துக் கேளுங்கள். ஆய்வேடு கொடுக்கும் நாளுக்கு நான்கு மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று: கையில் வந்த ஆவணம் முதல்நிலையா என்று இங்கேயும் பாருங்கள். கேட்டது கூட்ட அறிக்கை, வந்தது உங்கள் கேள்விக்காகவே இப்போது தயாரித்த சுருக்கம் என்றால், அன்றைய கூட்டத்துக்கு அது இரண்டாம் நிலை.

8. அடிக்குறிப்பில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்

நேரில் பார்த்ததை மட்டும் நேரில் பார்த்ததாக எழுதுங்கள். பார்க்க முடியாமல் போனால் வெட்கப்பட ஒன்றுமில்லை. மூலத்தின் விபரத்தை எழுதி, "இன்ன நூலில் எடுத்தாளப்பட்டது, இத்தனையாம் பக்கம்" என்று சேர்த்துவிடுங்கள். தொகுதி பழுதடைந்து வாசகருக்குக் கொடுப்பதில்லை என்றால், அதையும் அடிக்குறிப்பில் ஒரு வரியாகப் போடலாம். தேர்வாளர் அதற்காக மதிப்பெண் குறைப்பதில்லை.

கையளிக்க இரண்டு வாரம் இருக்கும்போது ஆய்வேட்டின் ஒரு பிரதியை அச்செடுங்கள். ஒவ்வொரு அடிக்குறிப்புக்குப் பக்கத்திலும் நேரில் பார்த்திருந்தால் "பா" என்றும், வேறொருவர் வழியாக வந்திருந்தால் "வ" என்றும் பென்சிலால் எழுதுங்கள். எனக்கு முதல் தடவை 112 அடிக்குறிப்பில் 31 "வ" வந்தது. அந்த முப்பத்தொன்றின் பட்டியலோடு மறுபடியும் தும்முல்லையில் இறங்கினேன். பத்து நாளில் 24 "பா" ஆயின. மீதி ஏழும் "எடுத்தாளப்பட்டது" என்றே அச்சாகின.

இரண்டாம் முறை அத்தியாயத்தைக் கொடுத்தபோது மேற்பார்வையாளர் அதே அடிக்குறிப்பில் விரலை வைத்தார். நான் படத்தை எடுத்துக் காட்டினேன். தலைப்பையும் திகதியையும் வாசித்துவிட்டு, "சரி, மூன்றாம் அத்தியாயத்தைக் கொண்டு வாரும்" என்றார்.